தள்ளித் தள்ளிப் போன சந்தை

ஆவரையேந்தலில் புதிய மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்துவைத்த அன்று, பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய புளியமரங்களின் கீழே எத்தனையோ தலைமுறைகளாகக் கூடிவந்த வெள்ளிக்கிழமைச் சந்தை அந்த இடத்தில் இல்லாமல், கண்மாய்க் கரைக்கு அப்பால், ஒரு பீடி பிடித்து முடிக்கும் தூரத்தில் இருந்தது. யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. புளியமரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. கீரைக்காரிகள் காலையில் தண்ணீர் தெளித்த ஈரம்கூட மண்ணில் இருந்தது, கீரைக்காரிகள்தான் இல்லை. விழா முடிந்து கூடையோடு வந்த சோணைமுத்து கொஞ்ச நேரம் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இரைச்சல் கேட்ட திசையில் நடந்து, கரையேறி இறங்கி, வழக்கமாக வாங்கும் வெங்காயக்காரர் முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"என்ன அண்ணாச்சி, இங்கிட்டு மாத்திட்டீக?"

"நாங்க எங்கய்யா மாத்துனோம்? விடியக்காலம் சாக்கை எங்க விரிச்சேனோ அங்கதான் உக்காந்திருக்கேன். நீங்கதான் ஊரைத் தூக்கிக்கிட்டு அங்கிட்டுப் போயிட்டீக."

இருவரும் சிரித்தார்கள். வெங்காயம் பழைய விலைதான். சோணைமுத்து வாங்கவேண்டியதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சந்தை தள்ளிப் போய்விட்டது என்று மனைவி பஞ்சவர்ணத்திடம் சொன்னான். "அதான் இம்புட்டு நேரமா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த ஊரில் சந்தை நாளன்று, சந்தைக்குப் போன கூடை வாசலைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் அடுப்பில் தீ வைப்பார்கள். அதுவரை வியாழக்கிழமை வடித்த சோற்றில் நீரூற்றி வைத்ததைக் குடித்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் காத்திருப்பார்கள். கூடை வந்ததும் உலை கொதிக்கும், குழம்பு மணக்கும், கூடையைச் சுமந்து வந்தவருக்கு முதல் வட்டிலில் சோறு போட்டு வைத்து எல்லோரும் கூடவே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கூடை வருமுன் அடுப்புப் பற்றினால் போனவர் திரும்பமாட்டார் என்று நம்பினார்கள். கண்மாய்க்கு அப்பால் போய்வர அன்று கொஞ்சம் தாமதமானது. சோணைமுத்துவின் மகள் கிளி, முதல் வட்டில் வைக்குமுன்பே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள். மற்றபடி ஒன்றும் குறையில்லை.

அடுத்து சமுதாயக் கூடம் திறந்தார்கள். சந்தை பனந்தோப்பைத் தாண்டிப் போயிற்று. அதன் பிறகு, படிக்க ஆளில்லாத ஒரு நூலகத்தைத் திறந்தார்கள். சந்தை, பனந்தோப்பிலிருந்து பார்த்தால் கூரைச் சாக்குகள் மட்டும் பட்டங்கள்போலத் தெரியும் தூரத்துக்குப் போயிற்று. திறப்பு விழாவுக்கும் சந்தைக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை அந்த மூன்றாவது விழாவோடு ஊர் கண்டுகொண்டது. கண்டுகொண்டதைப் பற்றி யாரும் அதிசயப்படவில்லை. மழை பெய்தால் ஓடையில் தண்ணீர் வருவதுபோல, அரசாங்கம் கட்டினால் சந்தை நகர்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். காரணத்தை ஆராய்ந்து சொன்னவர் வெங்காயக்காரர் ஒருவர்தான்.

"தொட்டிக்கும் கூடத்துக்கும் காசைக் கொட்டுறாக. கொட்டுற காசு கூலியா ஒங்க மடிக்கு வருது, நல்லது. ஆனா என் தோட்டத்துல அதே வெங்காயந்தானே விளையுது? மடி கனக்கக் கனக்க அம்புட்டுப் பேரும் எம்முன்னால ஓடி வாரீக. சந்தை என்ன செய்யும்? பின்னால நகரத்தான் செய்யும்."

கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு படி கூடுதலாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

தூரம் பொறுக்கமுடியாமல் ஊரார் மேலிடத்துக்குச் சொல்லியனுப்ப, ஒரு ஜீப்பில் விலைவாசி அதிகாரி வந்தார். ஒல்லியான, நல்ல மனிதர். சந்தைவரை ஜீப்பில் போய், வாசலில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்த விலைப்பலகையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துவிட்டு, முகம் மலர்ந்து திரும்பினார்.

"ஒரு பைசாகூட ஏறலையேம்மா. எங்க ஜில்லாவுலயே ஒங்க ஊருலதான் வெலை இம்புட்டுக் கட்டுக்குள்ள இருக்கு."

"வெலை ஏறலைங்கய்யா, தூரந்தான் ஏறியிருக்கு" என்றாள் பஞ்சவர்ணம்.

"தூரம் எங்க துறையில வராது" என்றார் அவர் வருத்தத்தோடு. ஆனாலும் போகிறபோது சந்தைவரைக்கும் ஒரு தார்ச் சாலை போடச் சொல்லிவிட்டுப் போனார்.

சாலை போட்ட மாதங்கள் ஆவரையேந்தலுக்கு நல்ல மாதங்கள். கருவேலங்காடாகிப்போன நிலங்களை விட்டுவிட்டு ஆணும் பெண்ணும் ஜல்லி சுமந்தார்கள். சனிக்கிழமைதோறும் கூலி கைக்கு வந்தது. கைக்கு வந்ததும் சந்தைக்குப் போனது. பெண்கள் மூக்குத்திக்குக் கல் மாற்றினார்கள். சாலை முடிந்து திறந்தார்கள், கருப்பாக, வெயிலில் தண்ணீர்போல மின்னிக்கொண்டு அது நேராகப் போய் ஒரு வெட்டவெளியில் முடிந்தது. சந்தை, சாலையின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் அதற்கு அப்பால் போயிருந்தது.

பிறகு இலவசப் பேருந்து விட்டார்கள். பேருந்து எவ்வளவு நேரத்தை மிச்சம்பிடித்ததோ அவ்வளவு நேரத் தூரத்துக்குச் சந்தை நகர்ந்தது. பேருந்து போகாத அந்த மிச்சத் தூரத்தை நடக்க எல்லோருக்கும் செருப்புக் கொடுத்தார்கள். விழா மேடையில் செருப்பு வாங்கியவர்கள், சந்தைக்குப் போய்த் திரும்பும்போது வார் அறுந்து, வெறுங்காலோடு வந்தார்கள்.

ஒவ்வொரு விழாவிலும் குலவை போட்டார்கள். குலவை கேட்காத கட்டடம் நிற்காது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. இந்த ஊருக்குப் பழகிப்போன அதிகாரிகளும் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டு முடிக்கும்வரை ரிப்பனைத் தொடாமல் நிற்பார்கள். குலவைக்கு முதல் குரல் எடுப்பவள் பஞ்சவர்ணம். அவள் எடுத்தால் கண்மாயில் கொக்கு எழும்பும் என்பார்கள். ஆவரையேந்தலில் பெண் குழந்தைக்குப் பேச்சு வருமுன்பே குலவை சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். கிளிக்கும் அப்படித்தான் வந்தது.

இப்படியாக ஊர் புதிய தூரத்துக்குத் தன்னை மடித்துக்கொண்டது. முதலில் கீரை போயிற்று, ஏனென்றால் வீடு வந்து சேருமுன் அது வாடிச் சருகாகியது. பிறகு தக்காளி, பிறகு மீன், பிறகு அழுகக்கூடிய எல்லாமே போய், உப்பும் புளியும் மிளகாய் வற்றலும் அரிசியும் மட்டும் கூடையில் வந்தன. முருங்கைக்கீரையை எப்படி ஆய்வது என்பதைப் பெண்கள் கதையாகச் சொன்னார்கள். பயணம் நீண்டதும், சுமந்து வருபவன் வழியில் எங்காவது கல் கூட்டிப் பொங்கித் தின்றாக வேண்டியிருந்தது. ஆகவே கூடையே கூடையைத் தின்றது. நிறைத்துக் கொண்டு கிளம்பிய அரிசி, வீட்டு வாசலைத் தாண்டும்போது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் நகையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, பெண்ணின் அப்பாவுக்கு நல்ல கால் இருக்கிறதா என்று கேட்டார்கள். பிள்ளைகள் தெருவில் சந்தை விளையாட்டு விளையாடினார்கள்: ஒருத்தி சந்தை, மற்றவர்கள் கூடைக்காரர்கள். இவர்கள் ஓர் அடி முன்னால் வைத்தால் அவள் ஓர் அடி பின்னால் வைக்கவேண்டும். யாரும் தொடமுடியாத விளையாட்டு என்பதால் சண்டையே வராது.

வெள்ளிக்கிழமையும் நீண்டது. கூடை சனிக்கிழமை வந்தபோது சனிக்கிழமை அடுப்பு மூட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, "இன்னும் வெள்ளிக்கிழமைதான்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, பானையில் இன்னும் கொஞ்சம் நீரை ஊற்றினார்கள். வியாழக்கிழமை வடித்த சோறு நீருக்கடியில் நாளுக்கு நாள் கண்ணுக்குத் தெரியாமல் போனது. வழக்கத்தை மாற்றி முதலிலேயே அடுப்புப் பற்றவைக்கலாமே என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. வெளியில் ஆள் நடந்துகொண்டிருக்கும்போது எப்படிப் பற்றவைப்பது?

பஞ்சவர்ணத்தின் வீட்டில் சோணைமுத்து ஒருவன்தான் ஆண். ஆகவே அவன் வீட்டுக்காரன் என்பது போய், வீட்டுக்கு வந்துபோகிறவன் ஆனான். புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் கூடையோடு வாசலைத் தாண்டுவான். அவள் ஓடிப்போய் அடுப்பு மூட்டுவாள். உலை சலசலக்கத் தொடங்கும்போது அவன் வெறும் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்துவிடுவான், ஏனென்றால் அப்போது கிளம்பினால்தான் வெள்ளிக்கிழமை சந்தையில் நிற்கமுடியும். அவனுக்கான முதல் வட்டிலைக் கிளிதான் சாப்பிட்டாள்.

"ஒரு தடவை உக்காந்து சாப்பிட்டுப் போங்களேன். சுடுசோறு ஒங்களைக் கடிச்சா வைக்கும்?"

"ஒன் உலையை நா வர்றதுக்கு மின்னாடியே கொதிக்கச் சொல்லு, உக்காருறேன்."

"அது எப்படிக் கொதிக்கும்?"

"அப்ப எங் காலைத் திட்டாத, ஒன் உலையைத் திட்டு" என்று சிரிப்பான். மகளைத் தூக்கிப் பார்ப்பான். போனமுறை பார்த்ததற்கு இந்தமுறை அவள் கனம் குறைந்திருக்கும். அதை அவன் சொல்லமாட்டான், "முன்பல்லு ரெண்டையும் சந்தையில வித்துட்டியாக்கும்?" என்று மட்டும் கேட்பான். கிளி வாயைப் பொத்திக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான், நெடுந்தூரம் நடக்கும் ஆவரையேந்தல் மக்களின் துயரைக் கேள்விப்பட்டு, சந்தைக்குச் செல்வோர் வழியில் இளைப்பாற ஒரு மண்டபம் கட்ட உத்தரவானது. தூண்களும் தோரண வாயிலும் உள்ள பெரிய மண்டபம். மறுபடியும் கூலி. பஞ்சவர்ணம் கலவை சுமந்தாள். மத்தியானம் வேலையிடத்தில் ஒப்பந்தக்காரர் ஊற்றிய கஞ்சியைத் தூக்குச்சட்டியில் மகளுக்கும் வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை வந்த கணவனிடம், சேர்ந்த கூலியை முடிச்சோடு கொடுத்தாள். அவன் அதைக் கையில் எடைபார்த்தான்.

"இதுக்கு ரெண்டு சந்தைக்கு வேண்டியதை ஒரே தடவையில வாங்கிருவேன். அப்ப அடுத்த வெள்ளிக்கெழமை நான் போக வேண்டாம். வீட்டுல இருப்பேன். ஒன் உலை எம்புட்டு நேரம் கொதிச்சாலும் சரி."

"நெசமாவா?"

"முதல் வட்டிலு எனக்கு. கிளி பிடுங்கித் தின்னா பிச்சுப்புடுவேன்."

கிளி வாயைத் திறந்து, பல் இல்லாத இடம் முழுவதும் தெரியச் சிரித்தாள்.

அவன் போன பிறகுதான், மண்டபத் திறப்பு விழா அந்த வெள்ளிக்கிழமையே என்று ஒலிபெருக்கி வண்டி சொல்லிக்கொண்டு போயிற்று. பஞ்சவர்ணம் தலைச்சுமைக்கு வைக்கும் சும்மாட்டுத் துணியைக் கையில் பிடித்தபடி வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். விழா நடந்தால் சந்தை நகரும். இரண்டு கூடைச் சுமையோடு அவன் எவ்வளவு தூரத்திலிருந்து வரவேண்டியிருக்குமோ, வரும் வழியில் கூடை எவ்வளவைத் தின்னுமோ. வீட்டில் இருக்கப்போகும் அந்த ஒரு வெள்ளிக்கிழமையும் வழியிலேயே தீர்ந்துபோகும்.

மறுநாள் கலவை மேட்டில் பெண்களிடம் சொன்னாள்.

"நாளைக்கு நா குலவை போடப்போறதில்ல. நீங்களும் போடாதீக. குலவை இல்லாம அவுக ரிப்பனை வெட்டமாட்டாக. ஒரு வாரம், இந்த ஒரு வாரம் சந்தை இருக்குற எடத்துல இருக்கட்டும்."

"மதினி, கடைசி வாரக் கூலியை விழாவுக்கு அப்புறந்தான் தருவாகளாம்" என்றாள் பக்கத்து வீட்டு அன்னபாக்கியம்.

"கூலியை வாங்கிட்டு எங்க போவ? சந்தைக்குத்தான? அது எங்க இருக்கும்?"

அன்னபாக்கியம் சட்டியை இறக்கிவைத்தாள். அவள் கணவனும் சந்தைக்குப் போனவன்தான். "நாக்கைக் கடிச்சிக்கிட்டு நிக்கணும், அம்புட்டுத்தானே?" என்றாள். மற்றவர்களும் தலையசைத்தார்கள். மற்ற எதுவுமே தங்கள் கையில் இல்லாத ஊரில், நாக்கு ஒன்று தங்கள் வாய்க்குள் இருக்கிறது என்பது அவர்களுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல, அன்று முழுவதும் யாரும் அதிகம் பேசாமலே வேலை செய்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை மண்டபத்தின் முன்னால் வாழைமரம் கட்டி, நாற்காலி போட்டு, ரிப்பன் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதே ஒல்லியான அதிகாரி கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். ஊராட்சித் தலைவர் அழகுமலை கையைக் காட்டினார். நாதசுரம் நின்றது. பெண்கள் வரிசை அசையாமல் நின்றது.

"பஞ்சவர்ணம்" என்றார் தலைவர்.

பஞ்சவர்ணம் மண்ணைப் பார்த்தாள்.

"என்னத்தா, தொண்டை கட்டிருச்சா? சோடா வேணுமா?"

ஆண்கள் பக்கத்தில் சிலர் சிரித்தார்கள். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. தலைவர் முதலில் சிரித்தார், பிறகு கெஞ்சினார், அதன் பிறகு, "ஏ ஆத்தாமார்களா, ஒங்களுக்காகத்தானத்தா கட்டியிருக்கு! உக்காந்து இளைப்பாறத்தான கட்டியிருக்கு!" என்று குரல் உடைந்து கேட்டார். அவர் சொன்னது உண்மை என்பதால் பெண்கள் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டார்கள். அதிகாரி கத்தரிக்கோலைத் திறந்தார், மூடினார். வெயில் ஏறியது. வாழை இலை ஒன்று காற்றில் கிழிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதிகாரி தலைவரின் காதருகே குனிந்து, வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதும், கத்தரிக்கோலைத் தட்டில் திரும்ப வைக்கக் கை நீட்டியதும் முன்வரிசைக்குத் தெரிந்தது. பஞ்சவர்ணம் தலையை நிமிர்த்தி, மண்டபத்துக்கு அப்பால், சாலை போகும் திசையைப் பார்த்தாள்.

அப்போது பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து குலவை எழுந்தது.

கிளி எழுந்து நின்றிருந்தாள். தன் அம்மாவிடம் ஊரே கெஞ்சுவதையும் அம்மாவால் முடியாமல்போவதையும் இவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று தலைவரே சொல்லிவிட்டார். அப்படியென்றால் அதற்குப் பிறகு போடவேண்டியது யார்? பல் விழுந்த சந்தில் நாக்குச் சுழன்று சுழன்று, அவள் தாயிடமிருந்துகூட இதுவரை யாரும் கேட்டிராத தெளிவோடு அந்தக் குலவை நீண்டது. கண்மாயில் கொக்குகள் எழும்பின. தலைவர் இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார். கூட்டம் விடுதலை கிடைத்ததுபோல ஆர்ப்பரித்துக் கைதட்டியது. அன்னபாக்கியத்தின் நாக்கு, அவள் கடித்திருந்த பல்லிலிருந்து தானாக நழுவிக் குலவையில் சேர்ந்துகொண்டது. பிறகு அடுத்தவள், பிறகு அடுத்தவள். பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு. ரிப்பன் வெட்டுப்பட்டு விழுந்தது.

கிளி கூட்டத்துக்குள் புகுந்து ஓடிவந்து அம்மாவின் சேலையைப் பிடித்தாள். முகமெல்லாம் வியர்த்திருந்தது.

"நல்லாப் போட்டேனாம்மா?"

பஞ்சவர்ணம் சாலையின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு புழுதி எழுந்து அடங்கியது.

"நல்லாப் போட்ட தாயி" என்றாள். "நல்லாப் போட்ட."

சந்தையிலிருந்து முன்கூட்டியே கிளம்பியிருந்த அன்னபாக்கியத்தின் கணவன் மட்டும் அடுத்த வாரம் வந்துசேர்ந்தான். சோணைமுத்து தனக்குப் பின்னால்தான் இருந்தான் என்றான். ஒரு கூடையைத் தலையிலும் மற்றொன்றை இடுப்பிலும் ஏற்றிக்கொண்டு, வெங்காயக்காரர் சாக்கின் ஓரத்தில் நின்று, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இவன் கொஞ்ச தூரம் வந்து திரும்பிப் பார்த்தபோது சாக்கும் இல்லை, சந்தையும் இல்லை, அவனும் இல்லை. மண்ணில் கீரைக்காரிகள் தெளித்த ஈரம் இருந்தது. இந்தமுறை எந்தத் திசையிலும் இரைச்சல் கேட்கவில்லை.

இளைப்பாறும் மண்டபத்தில் யாரும் இளைப்பாறவில்லை. நடந்து போய்ச் சேர ஓர் இடம் இருந்தால்தானே வழியில் இளைப்பாறுவதற்கு. ஊரின் நிலையைக் கேட்டுக் கலங்கிய அதிகாரி, சந்தையோடு போனவர்கள் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் ஊர் இருக்கும் திசை தெரியும்படி ஓர் உயரமான விளக்குக் கோபுரம் கட்ட அனுமதி வாங்கிவிட்டார். அதுவரை இல்லாத உயரம், அதுவரை இல்லாத செலவு. அஸ்திவாரம் தோண்ட ஆள் எடுத்தார்கள். வேலையிடத்தில் மத்தியானக் கஞ்சி உண்டு.

தலைவர் அழகுமலை பஞ்சவர்ணத்தின் வாசலுக்கே வந்து நின்றார்.

"கோவுரம் ஒம் புருசனுக்காகவுந்தாம்மா. திறப்புக்குக் கிளிதான் முதல் குரல் எடுக்கணும்னு அய்யாவே சொல்லிட்டாரு. புது உடுப்பு எடுத்துத் தாராகளாம்."

அவள் வாசல்நிலையில் சாய்ந்து கேட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வீட்டுக்குள் அடுப்பு சாணமிட்டு மெழுகி, விறகு அடுக்கி, உலைப்பானையில் நீர் நிறைத்துத் தயாராக இருந்தது. நீர் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வற்றும். ஒவ்வொரு நாளும் அவள் கொஞ்சம் ஊற்றிவைப்பாள். தலைவர் போனதும் சும்மாட்டுத் துணியை உதறி, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கோபுர வேலைக்குக் கிளம்பினாள், ஏனென்றால் கஞ்சி அங்கேதான் இருந்தது. அங்கே அவள் ஏற்றிவிடும் ஒவ்வொரு சட்டி மண்ணும் அவனை எங்கே தள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, இன்னிக்கு என்ன கெழமை?" என்று கிளி கேட்டாள். பள்ளிக்கூடத்தில் திங்கள் என்று எழுதிப்போட்டிருந்தார்கள்.

"வெள்ளிக்கெழமைதான் தாயி" என்றாள் பஞ்சவர்ணம். "இன்னும் கூடை வரலைல்ல."

கிளி தலையாட்டிவிட்டு வீட்டின் பின்பக்கம் போனாள். தாய் தெருமுனை திரும்பும்வரை அவள் குலவை பழகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. புதுப்பல் முளைக்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் குரல் கெடவில்லை.